கை நனைக்காத விருந்து

அத்தியாயம் 11

விருந்துக்குப் போகிறவர்கள் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போவார்கள். அமுதவல்லி நேர்மாறு. காலையிலேயே உலை வைத்து, ரசம் கொதிக்கவிட்டு, புருஷன் முன்னால் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

“வெயிலே இன்னும் ஏறல. இப்ப என்னடி சோறு?” என்றார் தங்கமுத்து.

“அங்கிட்டுப் போயி அவங்க பரிமாறுறதப் பாத்து ஒங்களுக்கு நாக்கு ஊறக் கூடாதுல்ல. அதுக்குத்தான். நல்லா சாப்புட்டுட்டு வாங்க.”

தங்கமுத்து மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். கல்யாணமான நாளாக இந்த வீட்டில் மறுபேச்சு அவருக்கு ஒத்துவந்ததே இல்லை.

போன வாரம் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். விட்டுப்போனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் இந்தத் தம்பதிக்கு ஒரே மகள் சரண்யா. புதுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். அரிமளத்து முந்திரி வியாபாரி கண்ணுசாமி, தன் அண்ணன் மகன் உதயசூரியனுக்கு அவளைப் பெண் கேட்டு வந்தார். பையன் சார்ஜாவில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர், லீவில் வந்திருக்கிறான், அப்பா இல்லாத பிள்ளை. ஜாதகம் பொருந்திவிட்டது, சரண்யாவுக்கும் பிடித்துவிட்டது. அமுதவல்லிக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தாமல் எப்படி இருக்கும்? பெண் பார்க்க வந்தபோது பையனின் அம்மா சொர்ணவல்லி வரவில்லை. முட்டி வலியாம். சரி, நாங்கள் வந்து வீட்டைப் பார்க்கிறோம் என்றால், டைல்ஸ் வேலை நடக்கிறதாம், உட்காரக்கூட இடமில்லையாம். கடைசியில் கண்ணுசாமி போனில் ஒரு யோசனை சொன்னார். அரிமளத்துக்குப் பக்கத்தில் ‘மரகதவிலாஸ்’ என்று பெரிய ஓட்டல் இருக்கிறது, சனிக்கிழமை மதியம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்துவிடலாம் என்றார்.

இங்கேதான் சிக்கல். சம்பந்தம் பேசிப் பூ வைக்கும்வரை ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் கை நனைப்பதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். காபி குடிக்கலாம், காரம் கொறிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

போன வருஷம் வேறொரு வரன் வந்தபோது, அந்த வீட்டுக்காரர்கள் வற்புறுத்துகிறார்களே என்று அமுதவல்லி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டாள். மறு மாசமே அவர்கள் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். “கை நனைச்சுட்டு வந்த எடம் விட்டுப்போச்சாமே” என்று ரேஷன் கடையில்கூடக் கேட்டார்கள். சரண்யா வெகுநாள் பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் வேலைக்குப் போய் வந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவாள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் தன் பெண் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்பது அமுதவல்லிக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயம்தான் அவளை இப்படி ஆட்டிவைத்தது.

“ஓட்டல்ல சாப்புட்டா அது கை நனைக்கிறதே இல்ல அமுதா. அது என்ன அவங்க வீடா? யாரு வேணாலும் போயி சாப்புடுற எடம்” என்றார் தங்கமுத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

“பில்லு யாரு குடுக்கிறது?”

“அவங்கதான் கூப்புட்டிருக்காங்க...”

“அப்ப அது அவங்க சோறுதான். நீங்க எங்கேருந்து இந்தச் சட்டமெல்லாம் படிச்சீங்க?”

தங்கமுத்து கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார். சீவ அங்கே அதிகம் இல்லை.

கண்ணுசாமி கார் அனுப்புகிறேன் என்றதையும் அமுதவல்லி வேண்டாம் என்றுவிட்டாள். பஸ் ஏறிப் புதுக்கோட்டை, அங்கே மாறி அரிமளம், பிறகு ஆட்டோ. சரண்யாவுக்குச் சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். முடித்துவிட்டு நேரே அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

*

மரகதவிலாஸ் ஒரு காலத்தில் யாரோ பெரிய பணக்காரர் கட்டிய வீடு. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள், சென்னைக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வாசலில் இரும்புக் கேட், கேட்டில் மீசை வைத்த செக்யூரிட்டி. ஆட்டோவைப் பார்த்ததும் அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

“ஆட்டோ உள்ள போகக் கூடாதுங்க.”

தங்கமுத்து தலையை வெளியே நீட்டினார். செக்யூரிட்டி ஒரு கணம் பார்த்தார். உடனே கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தார்.

“வாங்க சார், வாங்க.”

அமுதவல்லி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, காலில் டயர் செருப்பு. சல்யூட் வாங்குகிற தோரணை எதுவும் தென்படவில்லை.

“ஒங்களுக்கு எதுக்கு சல்யூட்டு?”

“பெரிய எடத்துல எல்லாருக்கும் வைப்பாங்க போல.”

அதற்கு முன்னால் நடந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அவர் வைக்கவில்லை. அமுதவல்லி அதையும் பார்த்துவைத்தாள்.

உள்ளே பளிங்குத் தரை, ஆளுயரக் கண்ணாடி, கட்டியணைக்க முடியாத அளவுக்குப் பருத்த தேக்குத் தூண்கள். ஏசி குளிருக்கு அமுதவல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒரு மேஜையில் வெள்ளைக்காரத் தம்பதி பணியாரத்தைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மேஜையில் ஒரு பெண் சாப்பாட்டைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு ஆறிப்போகிற குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கை கழுவணும்” என்றாள் அமுதவல்லி. பஸ் கம்பியைப் பிடித்த கை.

“அங்கிட்டு இல்ல, இங்கிட்டு வா. அந்தக் குதிரைப் பொம்மைக்குப் பின்னாடி” என்று தங்கமுத்து முன்னால் நடந்தார். நாலு அடி போன பிறகு சட்டென்று நின்றார். “அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்.”

குதிரைக்குப் பின்னால்தான் இருந்தது.

*

பெரிய வட்ட மேஜையில் மூன்று பேர் எழுந்து நின்று வரவேற்றார்கள். கண்ணுசாமி, பட்டுக்கரை வேட்டியில். உதயசூரியன், முழுக்கைச் சட்டையில். அவன் தங்கை பிரகதீஸ்வரி, கையில் ஒரு பை நிறைய மல்லிகைப்பூவுடன்.

“வாங்க சம்பந்தி!” என்றார் கண்ணுசாமி.

“வாங்க அத்தை” என்றாள் பிரகதீஸ்வரி. “அண்ணி வரலையா?”

சம்பந்தியாம், அத்தையாம், அண்ணியாம். பூ வைக்கவில்லை, தட்டு மாற்றவில்லை, அதற்குள் உறவு மூன்று. அமுதவல்லி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவசரப்படுகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

“ஒங்க அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு தம்பி?” என்று முதல் கேள்வியை அவனிடமே போட்டாள்.

உதயசூரியன் தண்ணீர்த் தம்ளரை எடுத்தான். “பரவால்லங்க. நடக்கத்தான் முடியல.”

“டாக்டர் ரெஸ்ட்டு எடுக்கச் சொல்லிட்டாரு” என்றார் கண்ணுசாமி, அவன் முடிக்கும் முன்பே.

அந்த நேரத்தில் சர்வர்களுக்கெல்லாம் மேலான கேப்டன் வந்தார். கோட்டு போட்ட, நரைத்த மீசைக்காரர். கோட்டில் மரியசெல்வம் என்று பெயர் குத்தியிருந்தது. மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தவர் முகம் மலர்ந்தது.

“வெல்கம் பேக் சார்! இந்தத் தடவ குடும்பத்தோட வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்.”

அமுதவல்லி உதயசூரியனைப் பார்த்தாள். இவனுக்கு இந்த ஓட்டல் பழக்கம் போலிருக்கிறது. போனில் பேசியபோது நானும் முதல் தடவையாகத்தான் போகிறேன் என்று சொல்லியிருந்தானே? எத்தனை பெண் பார்த்து எத்தனை குடும்பத்தை இங்கே உட்கார வைத்தானோ என்று அவள் மனம் ஓடியது.

மெனு கார்டு வந்தது. அட்டைபோட்ட பெரிய புத்தகம். ‘கிராமத்து அம்மாவின் விறகடுப்பு ரசம்’ என்று ஒன்றிருந்தது. அதற்குப் போட்டிருந்த விலைக்கு அமுதவல்லி ஒரு மாசம் ரசம் வைப்பாள்.

“எங்களுக்குக் காப்பி மட்டும் போதும். வீட்டுல சாப்புட்டுட்டோம்” என்றாள்.

மரியசெல்வம் கொஞ்சம் தடுமாறினார். “லஞ்சுக்கு முன்னாடியா மேடம்?”

“ஏன், கொதிக்காதா?”

“கொதிக்கும் மேடம், கொதிக்கும்.”

கண்ணுசாமி சிரித்து மழுப்பிவிட்டு, எல்லோருக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லத் தொடங்கினார். மரியசெல்வம் தங்கமுத்துவின் தம்ளரில் தண்ணீர் ஊற்றக் குனிந்தார். குனிந்தவர் பணிவான குரலில் கேட்டார்:

“அன்னைக்கு ஒங்ககூட வந்த மேடம் வரலையா சார்?”

தோப்பின் கடைசியில் யாராவது முந்திரிக்கொட்டை பொறுக்கினாலே அமுதவல்லிக்குக் காது கேட்கும். இது பக்கத்து நாற்காலி.

“எந்த மேடம்?” என்றார் தங்கமுத்து. “நீங்க வேற யாரையோ நெனச்சுப் பேசுறீங்க.”

“இல்ல சார். ஒரு தடவ வந்தவங்க முகத்த மறக்கக் கூடாது, அவங்களுக்கு என்ன பிடிச்சுதோ அத மறக்கக் கூடாதுன்னு எங்க ஜி.எம். ஆர்டர். நீங்க அந்த ஜன்னலோர டேபிள்ல...”

“மீன் என்ன இருக்கு இன்னைக்கு?” என்று கண்ணுசாமி பெரிய குரலில் குறுக்கே விழுந்தார்.

“கொடுவா சார்! காலையில மணமேல்குடியிலேருந்து வந்தது. எங்க ஊருதான்.” ஊர்ப்பேச்சு வந்ததும் மரியசெல்வம் மேடத்தை மறந்தார். ஆனால் அமுதவல்லி எதையும் மறக்கிற ஆள் இல்லை.

அவள் மேஜைக்கடியில் புருஷனின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“யாரு அந்த மேடம்?”

“வீட்டுல போயி பேசுவோம்.”

ஒன்றுமில்லாத விஷயத்தை யாரும் வீட்டில் போய்ப் பேசுவதில்லை. போன மாசம் ஒரு சனிக்கிழமை உரம் வாங்கப் போகிறேன் என்று புதுக்கோட்டைக்குப் போன மனுஷன், உரமும் இல்லாமல் வந்து, ராத்திரிச் சோறும் வேண்டாம் என்றது அமுதவல்லிக்கு நினைவுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி தின்றேன் என்றார். பஜ்ஜி தின்ற வாயில் ஏலக்காய் வாசம் வந்ததை அவள் அன்றைக்கே கவனித்தாள். கேட்காமல் விட்டது தப்பு.

யாராக இருக்கும்? கொட்டை உடைக்க வரும் செவந்தியா? சே, அவளிடம் ஒரு டீக்குக்கூடக் காசு நீட்டாத மனுஷன் இந்த ஓட்டலுக்கா கூட்டிவரப் போகிறார்?

காபி வந்தது. அவள் குடிக்கவில்லை. “கைய ஒரு தடவ கழுவிட்டு வாரேன்” என்று எழுந்து, குதிரைப் பொம்மைக்கு அருகே நின்ற மரியசெல்வத்திடம் போனாள்.

“ஏங்க, அன்னைக்கு அவருகூட வந்தவங்க எப்படி இருப்பாங்க? எங்க சொந்தத்துல ஒருத்தங்க. யாருன்னு தெரியல, அதான்.”

விருந்தாளி ஆசையாகக் கேட்கிறார் என்று அவர் நினைத்தார். “பச்சைக் கலர் சுடிதார் மேடம். சார் மேல அவங்களுக்கு ரொம்பப் பிரியம். பிரஷருக்கு ஆகாதுன்னு ஊறுகாய, அப்பளத்த எல்லாம் சார் எலையிலேருந்து அவங்களே எடுத்து வச்சாங்க. உப்பில்லாமத் தனியா கொண்டுவரச் சொன்னாங்க. கெளம்புறப்ப சார் கண்ணு கலங்கிட்டாரு, அவங்கதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க.”

சொல்லிக்கொண்டே வந்தவர் அமுதவல்லியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனா மேடம்?”

“இல்ல. தெளிவாச் சொன்னீங்க.”

சுடிதார் போட்டவள். கையைப் பிடித்தவள். மாப்பிள்ளை வீட்டாரைச் சந்தேகப்பட்டு ராத்திரியெல்லாம் புரண்டேனே, கோளாறை என் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊரைச் சந்தேகப்பட்டேனே என்று நினைத்த அமுதவல்லி, அந்தச் சுடிதார்க்காரியை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிற நாளில் இதையா கேட்க வேண்டும்? கேட்டால் பெண்ணின் கல்யாணம் என்ன ஆகும்? கேட்காமல் விட்டால் தன் கதி என்ன?

அவள் மேஜைக்குத் திரும்பியபோது, வாசல் பக்கமிருந்து சரண்யா வேகமாக நடந்து வந்தாள். தோளில் ஆபீஸ் பை, நெற்றியில் வியர்வை.

மரியசெல்வம் முகத்தில் பெரிய நிம்மதி.

“இந்தா, அவங்களே வந்துட்டாங்களே! வாங்க மேடம். அன்னைக்கு மாதிரியே ஒங்களுக்குப் பால் பணியாரம் சர்க்கரை கம்மியா, சாருக்கு உப்பில்லாம மிளகுக் குழம்பு. சரியா?”

*

சரண்யாவின் பை தோளிலிருந்து நழுவியது. தங்கமுத்து தண்ணீர்த் தம்ளரைப் பார்த்தார். கண்ணுசாமி விட்டத்தைப் பார்த்தார். பிரகதீஸ்வரி மல்லிகைப்பூவை எண்ணுவதுபோல் பைக்குள் குனிந்துகொண்டாள்.

அமுதவல்லிக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடப்பாவி மனுஷா, மகளையா நான் இவ்வளவு நேரம் திட்டினேன்! அந்தச் சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் இன்னொன்று புரிந்தது. அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

“ஒக்காரு” என்றாள் மகளிடம். பிறகு புருஷனிடம், “சொல்லுங்க” என்றாள்.

“சரண்யா, தம்பிகிட்ட ஒரு தடவ நேர்ல பேசணும்னு சொல்லுச்சு. தனியா எப்படி அனுப்புறது? நான் கூட வந்தேன். வந்த எடத்துல தம்பியோட சித்தப்பா சாப்புடுங்கன்னாரு. ஓட்டல்தானே, வீடு இல்லையேன்னு...”

“சாப்புட்டீங்க.”

“சாப்புட்டோம்.”

“பில்லு?”

“நான்தாங்க குடுத்தேன்” என்றார் கண்ணுசாமி. “நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. பொண்ணப் பெத்தவரும் பொண்ணும் எங்க செலவுல கை நனைச்சுட்டாங்க. அப்ப முடிவாயிருச்சுன்னுதானே நாங்க எடுத்துக்குவோம்? அந்த நம்பிக்கையிலதான் மண்டபத்துக்கே அட்வான்ஸ் குடுத்தேன். சம்பந்தியம்மாவுக்குத் தெரியாதுங்கிறதே எனக்குப் போன வாரம்தான் தெரியும்.”

மண்டபம் வரைக்கும் போயிருக்கிறது. சம்பந்தி, அத்தை, அண்ணி எல்லாவற்றுக்கும் இப்போது கணக்குச் சரியாக வந்தது. இந்த மேஜையில் இன்னும் கை நனைக்காதவள் அவள் ஒருத்திதான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு ரெண்டு பேருக்கும் தோணலையா?” என்று கேட்டாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தங்கமுத்துவுக்குச் சமாளிக்கத் தெரியும்.

சரண்யாதான் பதில் சொன்னாள். “சொன்னா நீ ஏதாச்சும் ஒண்ணக் கண்டுபிடிச்சிருப்பம்மா. போன தடவ நடந்ததுக்கப்புறம் நீ யாரையும் நம்புறதே இல்ல. ஒரு வரன் வந்தா காது பெருசுன்ன. ஒரு வரன் வந்தா அவங்க வீட்டுக் கெணறு எங்கிட்டு இருக்குன்னு பாத்த. எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறியா, கேஸ் நடத்துறியான்னே தெரியலம்மா.”

“ஆத்தா, போதும்” என்றார் தங்கமுத்து.

“இல்லப்பா, சொல்லிடுறேன். எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. ஒன்னைய ஏமாத்தணும்னு செய்யலம்மா. நீ கெடுத்துருவியோன்னு பயந்துபோயி செஞ்சோம்.”

நீ கெடுத்துருவியோ. அமுதவல்லிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. பெண் மறுபடி அழுதுவிடக் கூடாது என்று கதவு ஜன்னலெல்லாம் அடைத்துக் காவல் இருந்தவளுக்கு, தன்னைக் கண்டு பயந்துதான் பெண் பின்வாசல் வழியாகப் போனாள் என்பது வலித்தது. கண்ணில் நீர் முட்டியது. வெள்ளைக்காரத் தம்பதி இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மகளைப் பார்த்தாள். சரண்யாவின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் உதயசூரியன் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தில் ஒரு பிடிவாதம் தெரிந்தது. போன வருஷம் தலை குனிந்து பஸ் ஏறிய பெண்ணா இவள்? இந்தத் தைரியம் நல்லதுதானே?

அமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காபியை ஒரு பக்கமாக நகர்த்தினாள்.

“எனக்கும் ஒரு எல போடச் சொல்லுங்க” என்றாள்.

தங்கமுத்துவுக்குக் காதை நம்ப முடியவில்லை. “அமுதா!”

“என்ன அமுதா? எல்லாரும் சாப்புட்டாச்சு, நான் மட்டும் ஒக்காந்து வேடிக்க பாக்கவா?”

மரியசெல்வம் ஓடினார். பித்தளைத் தட்டில் வட்டமாக நறுக்கிய இலை வந்தது. சோறு வந்தது, நெய் வந்தது, கொடுவா மீன் குழம்பு வந்தது. சரண்யா சிரிப்பும் அழுகையுமாக அம்மாவின் தோளில் சாய்ந்தாள். பிரகதீஸ்வரி பூவை எடுத்து அவள் தலையில் வைக்க எழுந்தாள்.

இலையருகே போன கையை அமுதவல்லி நிறுத்தினாள்.

“ஒண்ணே ஒண்ணு. சம்பந்தியம்மாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுச் சாப்புடுறேன். பாவம், முட்டி வலியோட வீட்டுல தனியாக் கெடக்குறாங்க. புள்ள கல்யாணப் பேச்சு, அவங்க எலையில்லாம நடக்குது. நாம பாட்டுக்கு மீன் கொழம்பு தின்னா நல்லாவா இருக்கு?”

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தடவை அவள் மனசில் சந்தேகம் துளிகூட இல்லை. ஒரு பெண்ணைப் பெற்றவள் ஒரு பிள்ளையைப் பெற்றவளிடம் பேச ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

“இப்ப தூங்குற நேரங்க” என்றார் கண்ணுசாமி.

“மாத்திரை போட்டுட்டுப் படுத்திருப்பாங்க அத்தை” என்றாள் பிரகதீஸ்வரி. பூ பாதியிலேயே அவள் கையில் நின்றது.

“அங்க டவர் சரியாக் கெடைக்காதுங்க” என்றான் உதயசூரியன்.

மூன்று பேர், மூன்று பதில். வேறொரு நாளாக இருந்தால் அமுதவல்லி அங்கேயே பிடித்திருப்பாள். இன்றைக்குச் சந்தேகப்படக் கூடாது என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டிருந்தாள்.

சரண்யாதான் உற்சாகமாக போனை எடுத்தாள். “நம்பர் எங்கிட்ட இருக்கும்மா. பிரகதீஸ்வரிகிட்ட வாங்கி வச்சேன். ஒடம்பு சரியாகட்டும், அப்புறம் பேசலாம்னு இவருதான் சொன்னாரு. நீயே மொதல்ல பேசு.”

“சரண்யா, இப்ப வேணாம்” என்றான் உதயசூரியன். “நான் சொல்றேன்ல, வேணாம்.”

“அம்மாவே கேக்குறாங்க. ஒரு நிமிஷம்தானே?”

அவள் அழுத்திவிட்டாள். திரையில் ‘அத்தை’ என்று பெயர் வந்தது. ஸ்பீக்கரில் மணி போனது. டவர் கிடைக்காத ஊரில் நன்றாகவே கிடைத்தது.

“அலோ, யாருங்க?” தூக்கம் எதுவும் இல்லாத, கணீரென்ற குரல். பின்னால் மிக்ஸி ஓடி நின்றது. டைல்ஸ் அறுக்கிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அமுதவல்லி போன் பக்கமாகக் குனிந்தாள். “வணக்கம்ங்க. நல்லா இருக்கீங்களா? நான் சரண்யாவோட அம்மா பேசுறேன்.”

மிக்ஸி மூடியைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டது.

“எந்தச் சரண்யாங்க?” என்றது குரல்.

சரண்யாவின் முகத்திலிருந்து சிரிப்பு முழுசாகக்கூட இறங்கவில்லை. அவள் உதயசூரியனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“அலோ? எந்தச் சரண்யா? யாரு பேசுறது?”

அமுதவல்லி மகளின் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினாள். ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். தன் சந்தேகம் பொய்யாக இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டிருந்தாள், அதுவும் நடக்கவில்லை.

“மன்னிச்சுக்கங்கம்மா. நம்பர் மாறிப்போச்சு” என்று சொல்லித் துண்டித்தாள்.

மகளின் பக்கமாக நாற்காலியை நெருக்கிப் போட்டு, அவள் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு உதயசூரியன் பக்கம் திரும்பினாள்.

“இப்ப நீங்க சொல்லுங்க தம்பி. எந்தச் சரண்யா?”